சனிக்கிழமை எண்ணெயும் மாற்றுச் சான்றிதழும்

ஆனி மாதம் பிறந்து, கலாசாலைகளின் கதவுகள் திறந்து, புதுப் புத்தகங்களின் வாசனை வீடுகளில் பரவத் தொடங்கும் நாட்களில், செங்கற்பட்டு வட்டாரத்துக் கல்லூரி அலுவலகம் ஒன்றின் ஜன்னலருகே அரை நாழிகை நின்று பார்ப்பவருக்கு, முதலாண்டில் சேர வந்திருக்கும் கூட்டத்தினின்று சற்றே ஒதுங்கி, கையில் காகிதக் கட்டும் முகத்தில் கவலையுமாக நிற்கும் தகப்பனார் ஒருவராவது கண்ணில் படாமற் போகமாட்டார். அவருடைய பிள்ளையோ பெண்ணோ தொலைவிலுள்ள கல்லூரி ஒன்றில் ஓராண்டு படித்தாயிற்று. எஞ்சிய ஆண்டுகளை வீட்டிலிருந்தே போய்வந்து படித்து முடிக்க வழியுண்டா என்று விசாரிக்க அவர் வந்திருக்கிறார். உள்ளேயிருக்கும் குமாஸ்தாவின் கேள்விகள் மந்திர பாராயணம்போல் வரிசை பிறழாமல் வரும்: டி.சி. வாங்கியாயிற்றா, நடத்தைச் சான்றிதழ் இருக்கிறதா, வேறு பல்கலைக்கழகம் என்றால் மைக்ரேஷன் சர்டிபிகேட் எங்கே, அங்கே படித்த பாடமும் இங்கே நடத்தும் பாடமும் ஒத்துவருமா, ஒத்துவந்தாலும் இடம் காலியாக வேண்டுமே. இவ்வளவுக்கும் பதில் சொல்லி முடித்தபின் விண்ணப்பத்தில் 'காரணம்' என்று ஒரு வரி பாக்கியிருக்கும். அதில் அவர் 'குடும்பச் சூழ்நிலை' என்றோ 'உடல்நலக் குறைவு' என்றோ எழுதுவார். 'பிள்ளைக்கு வீட்டு ஞாபகம்' என்று எழுதியவர் ஒருவரையும் நான் அறியேன்.

இது அற்ப விஷயமாகத் தோன்றலாம். ஆனால் கற்குமிடத்துக்கும் பிறந்த வீட்டுக்கும் நடுவே கிடக்கும் தூரத்தை என்ன செய்வது என்ற கேள்வி, பாலாறு பாய்ந்து கடலில் கலக்கும் இந்தப் பிரதேசத்தில் ஆயிரத்தறுநூறு ஆண்டுகளாகக் கேட்கப்பட்டு வருகிறது. மாணாக்கன் வீடு திரும்புவது ஒரு விடை. படிக்குமிடத்திலேயே அவனுக்கு வீட்டை உண்டாக்கித் தருவது மற்றொன்று. கலாசாலையையே பெயர்த்து வீட்டருகே கொண்டுவந்து வைப்பது மூன்றாவது. இம்மூன்றையும் செங்கற்பட்டு ஜில்லா கண்டிருக்கிறது. ஜில்லா என்று நான் சொல்வது, வடக்கே பொன்னேரி தொடங்கித் தெற்கே மதுராந்தகம் வரையில், சென்னை நகரை அரைவட்டமாக அணைத்துக்கொண்டு, காஞ்சிபுரத்தையும் தன்னுள் அடக்கி நின்ற பழைய செங்கற்பட்டை. 1997-இல் அது காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டாகப் பிரிந்ததும், 2019 நவம்பர் 29-ஆம் நாள் செங்கற்பட்டு மறுபடியும் தனி மாவட்டமாக எழுந்ததும் அண்மைக் காலத்துச் செய்திகள்.

பழங்காலத்தில் கல்வியின் பொருட்டு வீட்டை விட்டுப் புறப்பட்டவர்கள் நாடி வந்த தலம் காஞ்சி. அங்கிருந்த வித்தியாபீடத்தைக் 'கடிகை' என்று கல்வெட்டுகள் குறிக்கின்றன. நான்காம் நூற்றாண்டில், கன்னட நாட்டுத் தாளகுண்டாவிலிருந்து மயூரசர்மன் என்னும் இளைஞன், தன் குருவாகிய வீரசர்மனோடு நெடுந்தூரம் பிரயாணம் செய்து அக்கடிகைக்கு வந்து சேர்ந்தான். படிப்பு முடியவில்லை. பல்லவர்களின் குதிரை வீரன் ஒருவனோடு மூண்ட சச்சரவில் மனம் புண்பட்டு, தர்ப்பையை ஏந்திய கையில் வாளை ஏந்தி, தன் நாட்டுப் பக்கம் திரும்பிக் கதம்ப ராஜ்யத்தை ஸ்தாபித்தான் என்று தாளகுண்டாவிலுள்ள கல்வெட்டு வர்ணிக்கிறது. பாதிப் படிப்பில் ஊர் திரும்பிய மாணவர்களின் பட்டியல் ஒன்றை எவரேனும் எழுதப் புகுந்தால் முதற்பெயராக அவனுடையதையே எழுத வேண்டியிருக்கும். ஆனால் அவனைப்போல் திரும்பிப் போய் ஒரு வம்சத்தை நிறுவும் வசதி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

காஞ்சியிலிருந்து வெளியே சென்றவர்களும் உண்டு. அந்நகரத்து மந்திரி ஒருவரின் குமாரராகப் பிறந்து, துறவு பூண்டு வடக்கே போன தர்மபாலர், நாளந்தாவின் தலைமைப் பீடத்தில் அமர்ந்தார் என்பதை, ஏழாம் நூற்றாண்டில் காஞ்சிக்கு வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங் குறித்துவைத்திருக்கிறார். தர்மபாலருக்கு நாளந்தாவே வீடாகிவிட்டது. அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்த வடமொழிக் கவி தண்டியின் கதை வேறு. பெற்றோரை இழந்து, பகைவர் படையெடுப்பால் காஞ்சி சீர்குலைந்த வேளையில் ஊரை விட்டகன்று, தேசாந்தரங்களில் திரிந்து வித்தைகளைக் கற்று, நாடு அமைதியுற்றபின் காஞ்சிக்கே அவர் திரும்பியதை 'அவந்திசுந்தரீ கதா' சொல்கிறது. திரும்பி வந்தவர் ஒரு நாள் கடற்கரையிலுள்ள மாமல்லபுரத்துக்குப் புறப்படுகிறார். அங்கே பள்ளிகொண்ட திருமாலின் முறிந்த கையை லலிதாலயன் என்னும் சிற்பி தழும்பு தெரியாமல் ஒட்டவைத்திருப்பதைப் பார்ப்பதற்காக. முறிந்ததை ஒட்டும் வித்தையைக் காண, வீட்டை இழந்து மீண்டும் அடைந்த ஒருவர் அத்தனை ஆவலோடு போனாரென்பது என் மனத்தில் பல நாள் நின்ற செய்தி.

இவையெல்லாம் தனி மனிதர்களின் கதைகள். ஒரு ஸ்தாபனம் தன் மாணாக்கனின் வீட்டு ஞாபகத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டதற்குச் சான்று வேண்டுமானால், செங்கற்பட்டிலிருந்து வாலாஜாபாத் நோக்கிப் போகும் வழியில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகின்ற திருமுக்கூடலுக்குப் போக வேண்டும். பழைய சீவரத்துக்கு எதிர்க்கரையில், வெங்கடேசப் பெருமாள் கோயிலின் சுவரில், 11-ஆம் நூற்றாண்டில் வீரராஜேந்திர சோழன் காலத்தில் பொறிக்கப்பட்ட மிக நீண்ட சாசனம் ஒன்று இருக்கிறது. பதினைந்து படுக்கைகள் கொண்ட வீரசோழன் என்னும் ஆதுலசாலைக்கும், அங்கே நோய் பார்த்த வைத்தியருக்கும், சத்திர சிகிச்சை செய்தவருக்கும், மூலிகை கொணர்ந்தவர்களுக்கும், நோயாளிக்குப் பணிவிடை செய்த பெண்களுக்கும் இன்னின்ன ஊதியம் என்று வகுத்த அந்தச் சாசனமே, அக்கோயிலைச் சார்ந்த கலாசாலைக்கும் திட்டம் வகுக்கிறது. ரிக் வேதம் ஓதுவோர் பதின்மர், யஜுர் வேதம் ஓதுவோர் பதின்மர், வியாகரணம் பயில்வோர் இருபதின்மர் என்று தொடங்கி, ஆகமம் பயில்வோரையும் சேர்த்து அறுபது மாணாக்கர்கள் ஜனநாத மண்டபத்தை ஒட்டி உண்டு உறங்கிப் படித்தார்கள்.

அவர்களுக்கு உணவு கொடுத்ததில் வியப்பில்லை. அன்னம் இடாமல் வித்தை புகட்டிய தருமம் இந்நாட்டில் கிடையாது. வியப்பூட்டுவது உணவுக்கு அடுத்தபடியாக வரும் செலவுகள். படுப்பதற்குப் பாய், இரவில் படிக்க விளக்கெரிக்க எண்ணெய், சனிக்கிழமைகளில் தலைக்குத் தேய்த்துக்கொள்ள எண்ணெய். இராஜ்ய வரவுசெலவைப் பார்க்கும் அதிகாரி ஒருவர், நெல்லையும் காசையும் எண்ணிக்கொண்டிருக்கையில், வீட்டிலிருந்தால் சனிக்கிழமை காலை அம்மா இந்தப் பிள்ளையின் உச்சியில் எண்ணெய் வைத்திருப்பாளே என்று நினைத்துப் பார்த்தாரோ, அல்லது அது அக்காலத்து வழக்கமாகவே இருந்ததோ, எப்படியாயினும் அந்தச் செலவு கல்லில் ஏறிவிட்டது. மாணாக்கனை வீட்டுக்கு அனுப்ப முடியாதென்றால், வீட்டின் ஒரு துளியையாவது மாணாக்கனிடம் அனுப்பலாம் என்னும் யோசனை இந்த ஜில்லாவில் ஏறத்தாழ 950 ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது.

ஆரம்பக் கல்விக்கு அக்காலத்துக்குப் பின்னும் நெடுநாள் வரை தூரம் என்பதே பிரச்சினையாக இருக்கவில்லை. கிராமத்துத் திண்ணையில் மணல் பரப்பி, விரலால் எழுதி, வாத்தியார் வீட்டு வாசலிலேயே படிப்பு நடந்தது. சென்னை கவர்னராயிருந்த தாமஸ் மன்றோ 1822-இல் இராஜதானி முழுவதும் பள்ளிகளைக் கணக்கெடுக்க உத்தரவிட்டார். அதன் முடிவாக 1826-இல் அவர் எழுதிய குறிப்பில் 12,498 பள்ளிகள் என்ற எண்ணிக்கை காணப்படுகிறது. ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி என்று அவரே கணக்கிட்டார். அந்தத் திண்ணையில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் இடமில்லை என்பதையும், பெண்பிள்ளைகள் அநேகமாக அங்கே வரவில்லை என்பதையும் மறக்கலாகாது. ஆனாலும், இடம் பெற்றவனுக்குப் பள்ளி கூப்பிடு தூரத்தில் இருந்தது.

தூரத்தை உண்டாக்கியது 1857 செப்டம்பர் 5-ஆம் நாள் சட்டமூலம் தோன்றிய சென்னை சர்வகலாசாலை. அது தொடக்கத்தில் பாடம் நடத்தும் இடமாக இராமல், பரீட்சை வைத்துப் பட்டம் வழங்கும் சபையாக இருந்தது. பரீட்சைக்குத் தயார் செய்யும் கலாசாலைகளோ பெரும்பாலும் பெரிய பட்டணங்களில் இருந்தன. அதன் முதற் பட்டதாரிகள் இருவருமே கடல் கடந்து வந்தவர்கள் என்பது இவ்விடத்தில் நினைக்கத் தக்கது. யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டை செமினரியில் பயின்ற சி.வை. தாமோதரம் பிள்ளையும் கரோல் விசுவநாத பிள்ளையும் அவர்கள். ஆகவே, தூர தேசத்திலிருந்து வருகிறவன்தான் பட்டம் பெறுவான் என்பது அந்தச் சர்வகலாசாலையின் ஜாதகத்திலேயே எழுதப்பட்டுவிட்டது எனலாம்.

அடுத்து வந்த ஏற்பாடு, மாணவன் நடுவழியில் இடம் மாறியே தீர வேண்டும் என்று செய்தது. கலாசாலைகள் முதல் தரம், இரண்டாம் தரம் என இருவகையாகப் பிரிந்தன. இரண்டாம் தரக் கலாசாலையில் எப்.ஏ. என்ற இரண்டாண்டுப் படிப்போடு சரி, பி.ஏ. வேண்டுமென்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு முதல் தரக் கலாசாலையுள்ள ஊருக்குப் போக வேண்டும். எப்.ஏ. போய் இன்டர்மீடியட் வந்தது. இன்டர்மீடியட் போய் பி.யூ.சி. வந்தது; அதுவும் போய் 1978-இல் மேல்நிலைப் பள்ளிகளில் பிளஸ் ஒன் வகுப்புகள் தொடங்கின. பெயர்கள் மாறினாலும் பதினாறு பதினேழு வயதில் ஒரு பெயர்ச்சி என்பது மாறாமல் இருந்தது. பிளஸ் டூ பள்ளிக்கூடத்தோடு சேர்ந்தபோதுதான் அந்தப் பெயர்ச்சி இரண்டாண்டு தள்ளிப்போய், கிராமத்துத் தாய்மார்களுக்குப் பிள்ளைகள் இன்னும் இரண்டு தீபாவளிக்கு வீட்டில் கிடைத்தார்கள்.

எப்.ஏ. நாட்களின் துன்பத்துக்கு உலகறிந்த உதாரணம் கணித மேதை இராமாநுஜன். அவருடைய தாய்வழிப் பாட்டனார் காஞ்சிபுரத்து நீதிமன்றத்தில் உத்தியோகம் பார்த்ததால், குழந்தை சிலகாலம் செங்கற்பட்டு ஜில்லாவில்தான் படித்தது. பாட்டனார் உத்தியோகம் இழக்கவே தாயும் பிள்ளையும் கும்பகோணம் திரும்பினார்கள். பின்பு தாய்வழிப் பாட்டன் பாட்டியோடு சென்னையில் இருந்து படிக்க அனுப்பப்பட்டபோது, பள்ளிக்குப் போகவே மறுத்த பிள்ளையைக் கொண்டுபோய் விடுவதற்குக் குடும்பத்தார் ஒரு போலீஸ்காரரின் உதவியை நாட வேண்டியதாயிற்று. ஆறு மாதத்துக்குள் கும்பகோணத்துக்கே கொண்டுபோய் விட்டார்கள். வளர்ந்தபின் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உதவிப் பணத்தை இழந்து, 1906-இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். மூன்று மாதம் படிப்பதற்குள் உடல்நலம் கெட்டது. எப்.ஏ. கடைசிவரை கைகூடவில்லை. 'உடல்நலக் குறைவு' என்று காரண வரியில் எழுதப்படும் சொல்லுக்குப் பின்னால் என்னென்ன மறைந்திருக்கக்கூடும் என்பதற்கு இவருடைய இளமையைக் காட்டிலும் வேறு விளக்கம் வேண்டியதில்லை.

காஞ்சிபுரத்து இளைஞர்கள் பச்சையப்பன் பள்ளியை முடித்துக்கொண்டு சென்னைப் பச்சையப்பன் கல்லூரிக்குப் போவது பல தலைமுறைகளுக்கு எழுதாத விதியாக இருந்தது. நெசவாளர் குடும்பத்தில் பிறந்த சி.என். அண்ணாதுரை அவ்வழியே சென்று 1934-இல் பி.ஏ. ஆனர்ஸ் பட்டம் பெற்றார். காஞ்சிபுரத்திலேயே பச்சையப்பன் பெயரால் கல்லூரி ஏற்பட்டது 1947-இல்.

இதுவரை மைல் கணக்கைப் பற்றியே பேசினேன். மைலால் அளக்க முடியாத தூரமும் ஒன்றுண்டு. மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்த ஆதிதிராவிடத் தலைவர் இரட்டைமலை சீனிவாசன், கோயம்புத்தூரில் கலாசாலை மாணவராயிருந்த நாட்களைப் பற்றித் தம் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் எழுதியிருக்கிறார். அது 1939-இல் வெளிவந்தது. ஏறத்தாழ நானூறு மாணவர்களில் பத்துப் பேர் நீங்கலாக எல்லோரும் பிராமணர்களாயிருந்த அவ்விடத்தில், தம் சாதியும் ஊரும் வீடும் தெரிந்துவிட்டால் இழிவாக நடத்துவார்களே என்று அஞ்சி, மணி அடிக்கும் வரையில் வெளியிலேயே இருந்து படித்து, மணி அடித்தபின் வகுப்புக்குள் நுழைந்து, வகுப்பு கலைந்ததும் மற்றவர்கள் நெருங்குவதற்குள் விரைந்து வீடு போய்ச் சேர்வாராம். மற்ற மாணவர்களுக்கு வீடு தூரத்தில் இருப்பது துக்கம். இவருக்கோ வீடு எங்கே என்று எவரேனும் கேட்பதே பயம். பரங்கிமலையில் பிறந்த மற்றோர் ஆதிதிராவிடத் தலைவரான எம்.சி. ராஜாவும் இதே ஜில்லாக்காரர். சைதாப்பேட்டையில் இன்றும் அவர் பெயரால் மாணவர் விடுதி நிலவுகிறது. ஆதிதிராவிட மாணவர்களுக்கென்று தனி விடுதிகள் எழுந்ததன் காரணத்தை அறிய விரும்புபவர், ஊரையும் வீட்டையும் மறைத்துக்கொண்டு படித்த சீனிவாசனை நினைத்தால் போதும். பட்டணத்தில் அறை வாடகைக்குக் கிடைக்காத பிள்ளைக்கு விடுதிக் கட்டிலே தலைசாய்க்கக் கிடைத்த ஒரே இடமாக இருந்தது.

மூன்றாவது விடை, கலாசாலையே நடந்து வருவது. அதன் முதற் பெரும் சம்பவம் 1937-இல் நிகழ்ந்தது. நூறாண்டுகளாகச் சென்னையின் பாரிமுனைப் பக்கம் நெரிசலில் இயங்கிவந்த கிறிஸ்தவக் கல்லூரி, தன் நூறாவது ஆண்டில் செங்கற்பட்டு ஜில்லாவின் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. சேலையூர்க் காட்டின் ஏறத்தாழ 400 ஏக்கர் முட்புதர் நிலத்தில், மாணவர் விடுதிகளை மையமாகக் கொண்டு அமைந்தது அப்புதிய வளாகம். அதற்கு முன்பே 1931-இல் சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார இரயில் ஓடத் தொடங்கியிருந்ததால், ஒரு புது இனமும் பிறந்தது. 'ஹாஸ்டலர்' என்ற பழைய இனத்தோடு 'டே ஸ்காலர்' என்ற இனமும் இந்தப் பாதையில் பல்கிப் பெருகியது. காலையில் டிபன் பாக்ஸும் சீசன் டிக்கெட்டுமாக இரயிலேறி, மாலையில் அம்மாவின் காப்பிக்குத் திரும்பிவிடும் மாணவன், திருமுக்கூடல் மாணாக்கன் கனவிலும் கண்டிராத பாக்கியசாலி.

இந்த இடப்பெயர்ச்சியில் சரித்திரம் செய்த குறும்பு ஒன்றுண்டு. அக்கல்லூரியில் 1898 முதல் தமிழாசிரியராயிருந்த மறைமலையடிகள், பாடத்திட்டத்தில் தமிழுக்கு நேர்ந்த தாழ்வினால் 1911-இல் பணியினின்று விலகி, நகரத்தை விட்டுப் பல்லாவரத்தில் வீடமைத்துக்கொண்டார். இருபத்தாறு ஆண்டுகள் கழித்து, அவர் விட்டு வந்த கல்லூரியே அவர் இருந்த திசையில் வந்து, அவருடைய வீட்டிலிருந்து சில மைல் தூரத்தில் இறங்கியது. அடிகள் 1950 வரை பல்லாவரத்தில்தான் வாழ்ந்தார். வீட்டருகே வேலை வேண்டுமென்று இடமாற்றம் கேட்டு ஆயுள் முழுவதும் காத்திருப்பவர்கள் எத்தனையோ பேர். வேலையைத் துறந்தவருடைய ஊர்ப்பக்கம் கல்லூரி தானே தேடி வந்ததை வேறெங்கும் கேட்டதில்லை.

சுதந்திரத்துக்குப் பின்னர் இந்த இரயில் பாதையில் கலாசாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து இறங்கின. 1949-இல் சி. ராஜம் குரோம்பேட்டையில் தொழில்நுட்பக் கலாசாலையை நிறுவினார். 1965-இல் செங்கற்பட்டு மருத்துவக் கல்லூரி தோன்றியது. இராஜேஸ்வரி வேதாசலம் பெயரிலான அரசினர் கலைக்கல்லூரி செங்கற்பட்டிலேயே ஏற்பட்டு, உத்திரமேரூர்ப் பக்கத்திலிருந்தும் திருக்கழுக்குன்றத்துப் பக்கத்திலிருந்தும் மதுராந்தகத்துப் பக்கத்திலிருந்தும் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த பிள்ளைகளைப் பேருந்திலும் இரயிலிலும் வரவழைத்தது. 1980-களின் நடுவில் வண்டலூரிலும் காட்டாங்கொளத்தூரிலும் படூரிலும் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் முளைத்தபின், காற்று எதிர்த்திசையில் வீசத் தொடங்கியது. முன்பு செங்கற்பட்டுப் பிள்ளை வெளியூர் போய்ப் படித்தான். இப்போது தூத்துக்குடியிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகள் இந்த ஜில்லாவில் வீட்டை நினைத்துக்கொண்டு படிக்கிறார்கள்.

கலாசாலை நகர்ந்தால் ஒருவனுக்கு அருகாவது இன்னொருவனுக்குத் தூரமாகும் என்பதை 2018 கற்பித்தது. 1891-இல் தோன்றிய சென்னைச் சட்டக் கல்லூரி, உயர்நீதிமன்ற வளாகத்தை விட்டு இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி திருவள்ளூர்ப் பக்கத்துப் பட்டறைப்பெரும்புதூருக்கும், மறுபாதி கேளம்பாக்கத்தை அடுத்த புதுப்பாக்கத்துக்கும் போயிற்று. நீதிமன்றத்தின் நிழலில் படித்த மாணவர்கள் எதிர்த்துப் போராடினார்கள். திருப்போரூர்ப் பிள்ளைக்கோ சட்டப்படிப்பு முதன்முதலாக ஊருக்குப் பக்கத்தில் வந்தது.

மாமல்லபுரத்தின் கதை இவற்றிலிருந்து வேறுபட்டது. கிழக்குக் கடற்கரைச் சாலை அமையும் முன், சென்னையிலிருந்து அங்கே போவதென்றால் பக்கிங்காம் கால்வாயில் படகேற வேண்டும். அல்லது செங்கற்பட்டில் இரயிலை விட்டிறங்கித் திருக்கழுக்குன்றம் வழியாக 18 மைல் போக வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் 1957-இல் அரசு ஒரு சிற்பக் கலைக்கூடத்தை நிறுவியது. பிள்ளையார்பட்டியைச் சேர்ந்த வைத்தியநாத ஸ்தபதி அதன் தலைமை ஏற்றார். அவருக்குப்பின் அவருடைய மைந்தர் கணபதி ஸ்தபதி அக்கல்லூரியை 27 ஆண்டுகள் நடத்தினார். 2000 ஜனவரி 1-ஆம் நாள் திறக்கப்பட்ட 133 அடித் திருவள்ளுவர் சிலையைக் கன்னியாகுமரியில் எழுப்பியவர் அவர்தான். கல்லில் பயில்வதற்குப் பல்லவர் கைபட்ட பாறைகளின் அருகே இருப்பதைவிட வேறு பாடசாலை வேண்டாமென்பதால், இங்கே வந்த மாணவர்கள் வேறிடத்துக்கு மாற்றம் கேட்டுப் பயனில்லை. அவர்களுடைய பாடநூலை எந்த ஊருக்கும் பெயர்த்துக்கொண்டு போக முடியாது. படிப்பு முடிந்தபின்பும் பலர் ஊர் திரும்பாமல் சாலையோரம் பட்டறை போட்டுக்கொண்டார்கள். 2017-இல் புவிசார் குறியீடு பெற்ற மாமல்லபுரத்துக் கற்சிற்பத் தொழிலில், இவ்வாறு வந்து ஊரோடு ஊராய்க் கலந்தவர்களின் உளிச் சத்தமும் அடங்கியிருக்கிறது. இது நாளந்தாவில் தங்கிவிட்ட தர்மபாலரின் வழி. அவ்வழியில் படிக்க வந்த இடமே வீடாகிவிடுகிறது.

இனி அந்த ஜன்னலுக்குத் திரும்புவோம். 1916-இல் மைசூரிலும், 1926-இல் ஆந்திரத்திலும், 1929-இல் அண்ணாமலை நகரிலும் தனித்தனிச் சர்வகலாசாலைகள் தோன்றவே, ஒன்றில் படித்ததை மற்றொன்று ஏற்குமா என்ற வினா எழுந்தது. பட்டங்களைப் பரஸ்பரம் அங்கீகரிக்கும் பொருட்டு 1925-இலேயே இந்தியச் சர்வகலாசாலைகளின் பொதுக் குழு அமைந்திருந்தது. மாணவன் ஒரு எல்லையைக் கடந்து மறு எல்லைக்குள் வருகிறான் என்பதற்கு அடையாளமாக வழங்கும் மைக்ரேஷன் சர்டிபிகேட், நாடு விட்டு நாடு போவோரின் அனுமதிச் சீட்டுக்குத் தம்பி முறை வேண்டும். 1982-இல் பாரதியார், பாரதிதாசன் பெயர்களில் மேலும் இரண்டு பல்கலைக்கழகங்கள் வந்தபின் இந்த எல்லைகள் இன்னும் நெருங்கின. வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையே ஐம்பது மைல் இருந்தாலும் போதும், நடுவில் ஒரு பல்கலைக்கழக எல்லை ஓடும்.

மருத்துவப் படிப்புக்கு எல்லைகள் மிகக் கடினமாக இருந்தன. இந்திய மருத்துவக் கழகத்தின் 1997-ஆம் ஆண்டு விதிகளின்படி, முதல் தொழிற்பரீட்சையில் தேறியபின்தான் கல்லூரி மாறலாம் என்றிருந்தது. ஓராண்டில் அனுமதிக்கப்பட்ட இடங்களில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் மாறக்கூடாது. ஒரே நகரத்துக்குள் மாறவே கூடாது. கருணை அடிப்படையில் கேட்பவர்களுக்கு அவ்விதிகள் காட்டிய காரணங்களோ, படிக்க வைக்கும் காப்பாளரின் மரணம், மாணவரை முடமாக்கும் நோய், கல்லூரி இருக்கும் பகுதியில் கலவரம் என்பன. ஆக, செங்கற்பட்டில் வீடும் தென்கோடியில் கல்லூரியுமாகத் தவிக்கும் ஒரு பெண், தகப்பனார் உயிரோடிருக்கும் வரையில் காரணம் அற்றவளாயிருந்தாள். 2023-இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் புதிய விதிகள் அந்தக் குறுகிய வழியையும் அடைத்தன. மற்றப் படிப்புகளுக்கோ, பெற்ற மதிப்பெண் அலகுகளைக் கணக்கில் வரவு வைத்து வேறு கல்லூரிக்குக் கொண்டுபோக வகைசெய்யும் ஏற்பாடு ஒன்றை மத்திய அரசு 2021-இல் தொடங்கியிருக்கிறது. பாடத்தை மாற்றிக்கொண்டு போகலாம். இருக்கை காலியாக இருந்தால்தான் மாணவன் போகலாம்.

திருமுக்கூடல் அறுபதின்மரைப் புகழ்ந்து எழுதிய நான், அந்த மண்டபத்தின் வாசலில் கோழியாளத்துச் சிறுவன் ஒருவன் வந்து நின்றிருந்தால் உள்ளே விட்டிருப்பார்களா என்று என்னையே கேட்டுக்கொள்ளக் கடமைப்பட்டவன். விட்டிருக்கமாட்டார்கள். அந்தச் சனிக்கிழமை எண்ணெய் சிலருக்கு மாத்திரம் அளந்து வைத்தது. நம் காலத்துக் கல்லூரி அலுவலக ஜன்னலோ எல்லோருக்கும் திறந்திருக்கிறது, கோழியாளத்துப் பிள்ளையும் காஞ்சிபுரத்துப் பிள்ளையும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள், ஒரே டி.சி.யைக் கேட்கிறார்கள். இது பெரிய லாபம், சந்தேகமில்லை. வாசலைத் திறந்த நாம், வாசலுக்குள் வந்தவனுக்கு வீடு என்று ஒன்று இருப்பதை மட்டும் விதிகளில் எழுத மறந்தோம்.

அந்தத் தகப்பனார் இன்னும் ஜன்னலருகே நின்றுகொண்டிருக்கிறார். காரண வரியில் என்ன எழுதினால் காரியம் ஆகும் என்று பக்கத்திலிருப்பவரைக் கேட்கிறார். திருமுக்கூடல் சாசனத்தை எவ்வளவு தேடினாலும் அப்படியொரு வரி கிடைக்காது. இத்தனை மாணாக்கர், இத்தனை பாய், இரவு விளக்குக்கு இவ்வளவு எண்ணெய், சனிக்கிழமைத் தலைமுழுக்குக்கு இவ்வளவு எண்ணெய் என்ற கணக்கு மாத்திரமே அங்கே இருக்கிறது.